240 மணி நேரக் கல்வி

பல்கலைக்கழக மாணவரின் ஆளுமையை உருவாக்குவதில் பாடத்திட்டத்துக்கு எவ்வளவு பங்கு, வளாகத்தில் அவர் பிறரோடு சேர்ந்து ஆற்றும் பொதுப்பணிகளுக்கு எவ்வளவு பங்கு என்பது கல்வியாளர்களிடையே நெடுங்காலமாக இருந்துவரும் விவாதம் என்றாலும், இந்தியாவில் அதைச் செயலில் சோதித்துப் பார்த்த பெருமுயற்சி என்று நாட்டு நலப்பணித் திட்டத்தையே சொல்ல வேண்டும். காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று, அப்போதைய மத்திய கல்வி அமைச்சர் வி. கே. ஆர். வி. ராவ் 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களைக் கொண்டு தொடங்கிவைத்த இத்திட்டத்தைத் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் 'என்.எஸ்.எஸ்.' என்ற சுருக்கப் பெயரிலேயே எல்லோரும் அறிவர்.

இது எளிதில் பிறந்த திட்டமன்று. 1959இல் சி. டி. தேஷ்முக் தலைமையிலான குழு, மாணவர்கள் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை நாட்டுப் பணி செய்வதைக் கட்டாயமாக்கலாம் என்று பரிந்துரைத்தது. பிற நாடுகளின் இளைஞர் பணித் திட்டங்களை ஆராய்ந்த கே. ஜி. சையிதைன், விரும்பி முன்வருவோரைக் கொண்டே இதைத் தொடங்க வேண்டும் என்று மறு ஆண்டு அறிக்கையளித்தார். முடிவில் விருப்பப் பணி என்ற கருத்தே நிலைபெற்றது நல்லதாயிற்று; ஏனெனில் ஆணைக்கு அஞ்சி மண்வெட்டி எடுப்பவருக்கு வேலை முடிந்ததும் அதிலிருந்து விடுபட்ட நிம்மதிதான் மிஞ்சும்.

விருப்பம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை விளக்கும் கோட்பாடு ஒன்றை அமெரிக்கக் கல்வியாளர் அலெக்சாண்டர் ஆஸ்டின் 1984இல் முன்வைத்தார். 'மாணவர் ஈடுபாடு' என்று அவர் குறித்தது, கல்லூரி வாழ்வில் ஒரு மாணவர் செலுத்தும் உடல் உழைப்பையும் மன உழைப்பையும் ஒருசேரக் குறிக்கும் சொல்லாகும். அந்த ஈடுபாட்டின் அளவும் தரமும் கூடக் கூட, மாணவர் அடையும் கற்றலும் வளர்ச்சியும் கூடும் என்பது அவர் கூற்று. இடையில் படிப்பைக் கைவிடுவோரைப் பற்றி அவர் முன்னர் நடத்திய ஆய்விலிருந்தே இக்கோட்பாடு கிளைத்தது என்பதைக் கருதினால், சங்கங்களில் சேருவது படிப்பைக் கெடுக்கும் என்ற நம்மூர்ப் பெற்றோரின் அச்சத்துக்குப் பெரிய ஆதாரமில்லை என்பது விளங்கும்.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்றுவதோடு, தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாமிலும் பங்கேற்க வேண்டும். பேரணி, மரக்கன்று நடுதல், வளாகத் தூய்மை என்று கழியும் மணி நேரங்களைக் காட்டிலும் இந்த ஏழு நாட்களே மாணவரை அதிகம் மாற்றுகின்றன. ஊர்ப் பள்ளிக்கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோ பாய் விரித்துத் தங்கி, வீட்டில் அடுப்பங்கரைப் பக்கமே போகாத மாணவர்கள் ஐம்பது பேருக்குச் சாம்பார் வைக்கவும், வெவ்வேறு துறையையும் சாதியையும் சேர்ந்தவர்கள் ஒரே பந்தியில் உண்டு ஒரே குழாயடியில் தட்டு கழுவவும் நேரும்போது, தன்னை யார் என்று ஒவ்வொருவரும் எண்ணிக்கொண்டிருந்தாரோ அந்த எண்ணம் சற்றே ஆட்டம் காண்கிறது. வாக்குவாதமும் நடக்கும், உப்பும் கூடிப்போகும். அடுத்த வேளைக்கும் அதே குழுதான் சமைத்தாக வேண்டும் என்பதால் கோபித்துக்கொண்டு ஒதுங்கவும் வழியில்லை.

அங்கே செய்யப்படும் வேலையும் பாடம் நடத்துகிறது. கண்மாயில் மண்டிய சீமைக் கருவேல மரங்களைத் தரையோடு வெட்டிச் சாய்த்தால் ஒரே நாளில் இடம் வெளிச்சமாகிவிடும், புகைப்படமும் நன்றாக வரும். ஆனால் தூரோடு வேரைத் தோண்டி எடுக்காவிட்டால் வெட்டிய அடிக்கட்டையிலிருந்தே அது மறுபடியும் தழைத்துவிடும் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்லும்போது, கண்ணுக்குத் தெரியும் பலனுக்கும் நிலைக்கும் பலனுக்கும் உள்ள தொலைவு மாணவருக்கு உடல் வலியாகவே புரிகிறது. வீடு வீடாகச் சென்று விவரப் படிவம் நிரப்புகையில், கேள்வி கேட்கப் போனவரிடமே 'இதையெல்லாம் எழுதிக்கிட்டுப் போயி என்ன தம்பி பண்ணப் போறீக?' என்று திருப்பிக் கேட்கப்படுவதும் உண்டு; அதற்கு நேர்மையான விடை தேடுவதும் ஒரு பயிற்சியே.

வளாகத்துக்குள் நடக்கும் இரத்ததான முகாமிலும் இத்தகைய திருப்பம் ஒன்று உண்டு. ஆர்வத்தோடு வரிசையில் நிற்கும் மாணவியர் சிலர், ஹீமோகுளோபின் அளவு 12.5 கிராமுக்குக் குறைவு என்று திருப்பி அனுப்பப்படுகின்றனர். பிறருக்கு உதவ வந்த இடத்தில், தம் இரத்தசோகையை அவர்களில் சிலர் முதன்முதலாக அறிந்துகொள்கின்றனர்.

இத்தனைக்கும் நடுவே குறையும் உண்டு. சான்றிதழுக்காகச் சேர்ந்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டு நகர்ந்துவிடும் மாணவருக்கு ஆஸ்டின் சொன்ன அளவு இருக்கும், தரம் இராது. ஓர் அணிக்கு நூறு மாணவர் என்ற கணக்கில் பொறுப்பேற்கும் திட்ட அலுவலரும், தம் வகுப்புகளையும் விடைத்தாள் திருத்தலையும் சுமந்துகொண்டே இதைச் செய்யும் பேராசிரியர்தான் என்பதால், பழியை மாணவர்மீது மட்டும் போடுவது முறையன்று. ஆண்டுதோறும் புதுப்புது ஊரைத் தேடாமல் அதே கிராமத்துக்குத் திரும்பச் செல்லும் அணிகளில் நிலைமை மேலானது. சென்ற ஆண்டு மாணவர் நிரப்பிய படிவங்களைக் கையில் வைத்துக்கொண்டு, அன்று வாக்களிக்கப்பட்ட எந்த வேலை நடந்தது, எது நடக்கவில்லை என்ற கேள்விக்குப் புதிய மாணவர் ஊராருக்குப் பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது.