காய்ச்சல் விட்ட பிறகும் தொடரும் நோய்

கொசு பரப்பும் வைரஸால் வரும் சிக்குன்குனியா காய்ச்சல் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தணிந்துவிடும். வலி அப்படி அல்ல. காலையில் கட்டிலை விட்டு இறங்கிக் காலூன்றினால் கணுக்காலில் சுருக்கென்று குத்துகிறது. விரல்களை முழுதாக மடக்க முடிவதில்லை. ஈரத்துணியைப் பிழிவதற்கும் குழாயைத் திருகுவதற்கும் மணிக்கட்டில் வலு இருப்பதில்லை. சிலருக்கு இது மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூட நீடிக்கிறது. ஆனால், காய்ச்சல் விட்ட அன்றே இவர்கள் குணமானவர்கள் பட்டியலில் சேர்ந்துவிடுகிறார்கள். இந்தக் கணக்கு தவறு. பின்தொடரும் மூட்டுவலி அந்த நோயின் இன்னொரு கட்டம். மருத்துவம் அதையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

"வயதானால் மூட்டு வலிக்கத்தானே செய்யும், எல்லாவற்றுக்கும் கொசுவையா குறை சொல்வது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் இதற்கு விடை கிடைத்தது. 2005-06இல் அங்கே மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரை இந்த வைரஸ் தாக்கியது. (அதே காலத்தில்தான் தமிழ்நாடு உட்பட இந்தியாவின் பல மாநிலங்களிலும் அது பரவியது; 2006இல் மட்டும் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று இருக்கலாம் எனக் கணக்கிடப்பட்டது.) ரீயூனியனில் தொற்று வந்தவர்களையும் வராதவர்களையும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். தொற்று வராதவர்களில் 17 சதவீதத்தினர் மூட்டு, தசை வலி இருப்பதாகச் சொன்னார்கள். வந்தவர்களில் அது 43 சதவீதம். முதுமையும் வேலைப்பளுவும் இரு தரப்புக்கும் பொது. மிகுதியாக இருக்கும் வலிக்கு வைரஸ்தான் பொறுப்பு.

"எல்லாம் மனசுதான் காரணம்" என்பது அடுத்த வாதம். பெண்கள் வலியைச் சொல்லும்போது இந்தப் பதில் இன்னும் சுலபமாக வந்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் டப்போ வட்டாரத்தில், சிக்குன்குனியாவின் நெருங்கிய உறவான ராஸ் ரிவர் வைரஸ் உட்பட மூன்று வகைத் தொற்றுகளுக்கு ஆளான 253 பேரை ஆரம்பத்திலிருந்தே தொடர்ந்து கவனித்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்தும் சுமார் 12 சதவீதத்தினருக்குக் களைப்பும் வலியும் விடவில்லை. யாருக்கு அப்படி நீளும் என்பதை முன்கூட்டிக் காட்டியது, நோயின் தொடக்கக் கடுமை. அவர்களுடைய மனநிலை அதைக் காட்டவில்லை.

சிக்குன்குனியாவில் வலி ஏன் நீள்கிறது என்பதில் சான்றுகள் இரு திசையில் நிற்கின்றன. 2010இல் வெளியான குரங்கு ஆய்வில், தொற்று ஏற்பட்டுச் சில மாதங்களுக்குப் பிறகும் மேக்ரோபேஜ் எனப்படும் விழுங்கு செல்களுக்குள் வைரஸ் தங்கியிருந்தது. அந்த எச்சம் நோயெதிர்ப்பு மண்டலத்தைச் சீண்டிக்கொண்டே இருப்பதால் வீக்கம் தணிவதில்லை என்பது ஒரு விளக்கம். ஆனால், நாள்பட்ட வலியுள்ள கொலம்பிய நோயாளிகளின் மூட்டுத் திரவத்தைச் சோதித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில் வைரஸின் தடயமே இல்லை. அப்படியானால் வைரஸ் போன பிறகும் எதிர்ப்பு அடங்காமல் தொடர்கிறது என்றாகிறது. கருத்து வேறுபாடு காரணத்தைப் பற்றியது மட்டுமே. வலி உண்டா என்பதில் இரண்டு தரப்பும் ஒன்றுதான்.

"வைரஸைக் கொல்லும் மருந்தே இல்லாதபோது நோயாளியைத் திரும்ப அழைத்து என்ன பயன்?" என்பது கடைசி ஆட்சேபம். பயன் உண்டு. மூட்டு வீங்கியிருக்கிறதா, வெறும் வலிதானா என்று தொட்டுப் பார்த்தாலே சிகிச்சையின் பாதை பிரிகிறது. சிலருக்கு இயன்முறைப் பயிற்சி போதும். சிலருக்கு முடக்குவாத மருந்துகள் தேவைப்படலாம். கவனிக்க ஆளில்லாமல் கடையில் தாமாகவே ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் வாங்கி விழுங்கினால், வயிறும் சிறுநீரகமும் எலும்பும் பாதிக்கப்படலாம். ஆகவே, காய்ச்சல் வந்த மூன்றாம் மாதத்தில் ஒருமுறை மூட்டுகளைப் பரிசோதிப்பதை வழக்கமாக்க வேண்டும். அதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம். நோயாளி சொல்வதை நம்பி, கையைப் பிடித்துப் பார்க்கும் மருத்துவரும், அதைப் பதிவுசெய்ய ஒரு பதிவேடும் இருந்தால் போதும்.