காட்டோரத்துக் களைச்செடியில் வண்ணத்துப்பூச்சிக்கு என்ன வேலை?

கல்வராயன் மலையில் அடர்ந்த காட்டுக்குள் பார்ப்பதைவிட, காடு முடிந்து மரவள்ளிக் கொல்லை தொடங்குகிற ஓரத்தில்தான் வண்ணத்துப்பூச்சிகளை அதிகம் பார்க்கலாம். உடம்பில் வெயில் பட்டுச் சூடேறினால்தான் அவற்றால் நன்றாகப் பறக்க முடியும். அதேசமயம், காற்றும் மழையும் வந்தால் ஒதுங்க மரம் வேண்டும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடைப்பது ஓரத்தில்தான்.

ஆனால், அங்கேயே பெருகுமா, கடந்து போய்விடுமா என்பது செடியைப் பொறுத்தது. தாய்ப்பூச்சி முன்னங்காலால் இலையைத் தட்டி ருசி பார்க்கும். தன் புழு தின்னும் செடி என்று தெரிந்தால்தான் முட்டை வைக்கும். வெந்தய வரியனுக்கு எருக்கு, கொன்றை வெள்ளையனுக்குச் சரக்கொன்றை, வெண்புள்ளிக் கருப்பனுக்கு நன்னாரி, அரளி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. உன்னிச்செடி நிறைய பூக்கும், தேனும் கொடுக்கும். ஆனால், இந்தப் புழுக்களுக்கு அதன் இலை ஆகாது. உன்னி மண்டிய ஓரம், சாப்பாடு கிடைத்தும் தொட்டில் கட்ட இடமில்லாத வீடு மாதிரிதான்.

கல்வராயனுக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. தென்மேற்குப் பருவமழைக்கு முன்பு மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே வரும் நீல வரியன்களும் கருப்பன்களும், அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி மேற்கே திரும்பும். சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலையோடு கல்வராயனும் அந்த வலசையில் ஓர் இடம். காய்ந்த கிலுகிலுப்பை, தேள்கொடுக்குச் செடிகளில் ஆண்பூச்சிகள் கும்பலாக மொய்த்துச் சாறு உறிஞ்சும். பெண்பூச்சியைக் கவரும் வாசனையை அந்தச் சாற்றிலிருந்துதான் அவை தயாரிக்கின்றன.

இந்தச் செடிகளைத்தான் நாம் களை என்று சொல்லி, களைக்கொல்லி அடித்து வரப்பை மொட்டையாக்குகிறோம். பயிருக்குள் களை எடுப்பது வேறு, யாருக்கும் இடைஞ்சல் இல்லாத காட்டோரத்தைச் சுத்தம் செய்வது வேறு.

'புழுவை வளர்த்தால் பயிருக்கு வராதா?' என்ற சந்தேகம் நியாயமானதுதான். எருக்கைத் தின்னும் வரியன் புழு மரவள்ளியையோ மக்காச்சோளத்தையோ தொடாது. மக்காச்சோளத்தை அழிக்கும் படைப்புழு அந்துப்பூச்சியின் பிள்ளை. தொந்தரவு கொடுப்பது எலுமிச்சை அழகியின் புழு. இளங்கன்று என்றால் சீக்கிரமே இலையை மொட்டையடித்துவிடும். பறவை எச்சம் போலத் தெரியும் இளம்புழுவாக இருக்கும்போதே கையால் பொறுக்கி எடுத்துவிடலாம். வளர்ந்த மரத்தில் நாலைந்து புழு இருந்தால் விட்டுவிடுங்கள்.

வண்ணத்துப்பூச்சி வந்தால் மகசூல் கூடும் என்று கணக்குக் காட்ட முடியாது. மகரந்தச் சேர்க்கையில் தேனீதான் பெரிய ஆள். ஓரத்தை வெட்டியே ஆகவேண்டும் என்றால், பாதியை வெட்டி, அது தழைத்த பிறகு மறுபாதியை வெட்டுங்கள். வலசைக் காலமான அக்டோபர், நவம்பரில் கிலுகிலுப்பையில் கை வைக்காதீர்கள்.