அல்சேஷன் நாய் நமக்கு ஏற்றதா?

மண்சரிவினால் வீடிழந்த குடும்பங்கள் புதிய இடத்தில் காவலுக்கு நாய் தேடுவது இயல்பே. அல்சேஷன் குட்டியொன்றை ஒருவர் இலவசமாகத் தருவதாகச் சொன்னால் மறுக்க மனம் வராது. ஆனால் ஏற்குமுன் சற்றுச் சிந்திப்போம்.

இது 1899இல் ஜெர்மனியில் மந்தை மேய்ப்பதற்கென முறைப்படுத்தப்பட்ட இனம். ஓடி உழைக்கப் பிறந்தது. வளர்ந்த ஆண் நாய் 30 முதல் 40 கிலோ நிறையுடையது. மிஞ்சிய சோறு அதற்குப் போதாது. இறைச்சியோ மீனோ முட்டையோ நாள்தோறும் வேண்டும். பிள்ளையின் முட்டையை நாய்க்குக் கொடுப்பதா? தினமும் ஒரு மணித்தியாலமாவது அதை ஓடவிடவும் ஆள் வேண்டும்.

லயன் காம்பராவின் வாசலில் இதைச் சங்கிலியில் கட்டிவைத்தால் மூர்க்கமாகும். அப்போது கடிபடுவது கள்வனல்ல, வாசலில் விளையாடும் பிள்ளை.

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபின், உயிர் தப்பியோருக்குப் புது வீடு கிடைக்க ஏறக்குறைய 2 வருடங்கள் சென்றன. இத்தகைய தற்காலிக வாழ்வில் பெரிய நாய்க்கு இடமேது?

நாட்டு நாய் வீட்டுச் சாப்பாட்டோடு வாழும். அந்நியர் வந்தாலும் காட்டுப்பன்றி வந்தாலும் குரைத்து எழுப்பும். நமக்குத் தேவையான காவல் அதுவே.

எந்த நாயானாலும் வருடந்தோறும் விசர்நோய்த் தடுப்பூசி அவசியம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் விசாரியுங்கள். கடித்தால் காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

சொந்த நிலமும், வேலியும், நிலையான வருமானமும் அமைந்தபின் அல்சேஷனைப் பற்றி யோசிக்கலாம்.