சதுப்பின் நடுவே ஒரு சத்திரம்

பெல்ஜிய தேசத்தின் கிழக்கெல்லையில் ஜெர்மனியை ஒட்டிக் கிடக்கும் ஓத் ஃபாங் பீடபூமி, 694 மீட்டர் வரை உயர்ந்து அந்நாட்டின் மிக உயர்ந்த பிரதேசமாக விளங்கினும், மழையும் மூடுபனியும் ஓயாத காரணத்தால், வழிதப்பியவனை உயிரோடு விடாத சதுப்பு என்றே பல நூற்றாண்டுகள் அஞ்சப்பட்டு வந்தது. ஆகென், ட்ரியர் ஆகிய புண்ணிய நகரங்களை நாடி நடந்த யாத்திரிகர்களுக்காக, மத்திய காலத்தில் துறவி ஒருவரின் குடிலாகத் தோன்றி, இரவில் விளக்கேற்றியும் பனிமூட்டத்தில் மணியடித்தும் வழிகாட்டிய புகலிடமே ரைனார்ட்ஸ்ஹோஃப். பின்னர் அது சில பண்ணை வீடுகள் கொண்ட சிற்றூராயிற்று. இன்று அங்கே இடிபாடுகளே உள்ளன.

இந்நிலத்தை ஆக்கியது ஸ்பாக்னம் என்ற பாசி. தன் உலர்ந்த எடையைப்போல் 20 மடங்கு வரை நீரைத் தாங்கவல்ல இச்சிறு தாவரம் சுற்றியுள்ள நீரை அமிலமாக்குவதாலும், தேங்கிய நீருக்குள் பிராணவாயு எளிதில் புகாததாலும், மடிந்தவற்றை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் அங்கே தம் தொழிலைச் செவ்வனே செய்ய இயலாமற்போக, ஆண்டுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வீதம் படிந்து உயரும் தாவர எச்சமே பீட் எனப்படும் முற்றா நிலக்கரி. 670-ம் ஆண்டுச் சாசனம் ஒன்று குறிப்பிடும் வியா மான்ஸுவெரிஸ்கா இதுவே எனக் கருதப்படும் பழம்பாதையின் மரக்கட்டைகள், இந்தப் பீட்டுக்குள் புதைந்து கிடந்ததனாலேயே அழியாமல் அகப்பட்டன. காற்றில் நின்ற கல்வீடு வீழ்ந்தது. நீரில் அமிழ்ந்த மரம் நிலைத்தது!

அவ்வீடுகளை வீழ்த்தியது யுத்தமுமன்று, பனியுமன்று. ஆய்ப்பன் நகருக்கருகே வெஸ்டர் ஆற்றில் கட்டிய அணையின் குடிநீர் மாசுபடலாகாது என்று, 20-ம் நூற்றாண்டின் பிற்பாதியில் குடிமக்கள் வெளியேற்றப்பட்டு வீடுகள் இடிக்கப்பட்டன. நோக்கம் நியாயமானதே; ஆயினும் வழிப்போக்கரின் உயிர் காத்த இடம் தரைமட்டமானதை எண்ணி வருந்தாமல் இருக்க முடியவில்லை.

நீருக்காக வீட்டையே இழந்த அப்பீடபூமியில், நீரைத் தாங்கும் பீட்டோ நெடுங்காலம் கைவிடப்பட்டிருந்தது. 19-ம் நூற்றாண்டில் ஸ்ப்ரூஸ் மரம் வளர்ப்பதற்காக வெட்டிய வாய்க்கால்கள் சதுப்பை வற்றச்செய்தன. வற்றிய பீட் காற்றுப்பட்டு மட்கி, ஆயிரமாண்டுகள் அடைத்து வைத்திருந்த கரியைக் கரியமில வாயுவாக வெளியிடுவதோடு, எளிதில் தீப்பற்றவும் செய்கிறது. உலக நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதமே உள்ள பீட் நிலங்கள், காடுகளின் மரஞ்செடிகள் அனைத்திலும் உள்ளதைவிட மிகுதியான கரியைத் தம்முள் வைத்திருக்கின்றன என்பதை நினைத்தால் இதன் விபரீதம் விளங்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 2007 முதல் 2012 வரை அங்கே மரங்களை அகற்றி வாய்க்கால்களை அடைத்தார்கள். பாசி மீண்டும் தழைக்கத் தொடங்கியது. இப்பணியைச் சதுப்புகளை வற்றச்செய்த ஒவ்வொரு தேசமும் தாமதமின்றி மேற்கொள்ள வேண்டும்.