ஊர் திரும்பும் வழியில் கும்மிடிப்பூண்டி

இலங்கைக்குத் திரும்பிவிடுவது என்று முடிவெடுத்த குடும்பம் முதல் வேலையாகப் பரணிலிருந்து இறக்குவது ஒரு பிளாஸ்டிக் பையை. ராமேசுவரம் பக்கத்து மண்டபம் முகாமில் வந்திறங்கிய அன்று எழுதிய பதிவுச் சீட்டு, முகாமின் குடும்ப அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றுகள், மாற்றுச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை எல்லாம் அதற்குள் இருக்கும். மழையில் நனைந்து ஓரம் ஒட்டிப்போன காகிதங்களும் உண்டு. முப்பது ஆண்டு வாழ்க்கைக்கு அந்தப் பைதான் சாட்சி. அதிலிருந்து ஒரு தாள் குறைந்தாலும் பயணம் மாதக்கணக்கில் தள்ளிப்போகும்.

கும்மிடிப்பூண்டி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு சிப்காட்தான் நினைவுக்கு வரும். இரும்பு உருக்கும் ஆலைகள், கம்பி இழுக்கும் ஆலைகள், ரசாயனத் தொழிற்சாலைகள், கொல்கத்தா நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்கும் லாரிகள், மாலையானால் ஷிப்டு முடிந்து தேநீர்க் கடைகளை நிறைக்கும் ஒடிசா, பீகார் இளைஞர்கள். சென்னை சென்ட்ரலிலிருந்து மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை வழியாக வரும் புறநகர் மின்ரயில்களில் பெரும்பாலானவை இங்கேயே நின்றுவிடுகின்றன. தாண்டினால் ஆந்திரா. தமிழ்நாட்டின் இந்த வட எல்லையில், ராமேசுவரம் கரையிலிருந்து 600 கிலோமீட்டருக்கும் அப்பால், மாநிலத்தின் பெரிய இலங்கைத் தமிழர் முகாம்களில் ஒன்று இருக்கிறது. இந்தப் பக்கத்தின் இன்னொரு முகாம் புழலில்.

1983 ஜூலைக் கலவரத்தில் தொடங்கி 2012 ஆகஸ்ட் வரை இந்தியாவுக்குள் வந்த இலங்கை அகதிகள் 3,04,269 பேர் என்பது இந்திய உள்துறை அமைச்சகத்தின் கணக்கு. எல்லாரும் ஒரே அலையில் வந்துவிடவில்லை. 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் ஒரு கூட்டம் திரும்பியது. 1990இல் போர் மறுபடி மூண்டதும் இன்னும் பெரிய கூட்டம் படகேறியது. 1995இலும் 2006இலும் அதேதான் நடந்தது. தமிழக அரசு 2021இல் தந்த கணக்குப்படி 108 முகாம்களில் 58,822 பேர். முகாமுக்கு வெளியே காவல் நிலையங்களில் பதிந்துகொண்டு வாழ்பவர்கள் 34,087 பேர்.

வந்த கதைகள் நிறையப் பதிவாகியிருக்கின்றன. மன்னாரிலிருந்து 1990இல் சிறுவனாக வந்து முகாமில் வளர்ந்த தொ. பத்தினாதன் எழுதிய ‘போரின் மறுபக்கம்’ முகாம் வாழ்வை உள்ளிருந்து சொன்ன முக்கியமான நூல். திரும்பிப் போகிறவர்களின் கடைசி நாட்களைப் பற்றித்தான் தமிழ்நாட்டில் அதிகம் பேசப்படவில்லை. விருந்தாளியாக வந்தவர் விடைபெறும்போது நம் வீட்டைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு போகிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? இவர்கள் வந்து தங்கியது ஒரு வாரமோ ஒரு மாதமோ அல்ல, ஒரு தலைமுறைக் காலம்.

திரும்பும் வேலை சென்னையில் தொடங்குகிறது. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அலுவலகத்தில் விருப்பம் தெரிவிக்க வேண்டும். யாருடைய கட்டாயமும் இல்லாமல் சொந்த விருப்பத்தில்தான் போகிறார்களா என்று அங்கே தனியாக விசாரிப்பார்கள். இந்த விசாரணைக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு, 1992 ஜனவரியில் அகதிகளைத் திருப்பி அனுப்பும் வேலை மும்முரமாக நடந்தபோது, பலர் மனமில்லாமலே அனுப்பப்படுகிறார்கள் என்ற புகார் எழுந்தது. அந்த ஆண்டு ஜூலையில் இந்திய அரசும் ஐ.நா. ஆணையமும் செய்துகொண்ட உடன்பாட்டுக்குப் பிறகே, போகிறவர்களின் விருப்பத்தைக் கேட்டறியும் முறை வந்தது. ‘நீங்களாகத்தான் போகிறீர்களா?’ என்ற அந்த ஒரு கேள்வியின் மதிப்பு முகாமில் இருக்கும் முதியவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது பிள்ளைகளின் பிரச்சினை. முகாமில் பிறந்த குழந்தைக்குத் தமிழக அரசின் பிறப்புச் சான்று இருக்கும். அதை வைத்து அந்தக் குழந்தை இந்தியராகிவிட முடியாது. 1987 ஜூலை 1 முதல் இங்கே பிறந்தவருக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. அந்தத் தேதிக்கு முன்னால், 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய் உரிமையை நிலைநாட்டி 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தது செய்தியானது. மற்ற பிள்ளைகள் இலங்கைக் குடிமக்களாக வேண்டுமென்றால் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்தாக வேண்டும். இலங்கைத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் எஸ்.சி. சந்திரகாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம் முகாமாகப் போய் இந்தப் பதிவுகளைச் செய்து கொடுத்தது. பள்ளிக்கூடம், மருத்துவம், சேமிப்புக் குழுக்கள் என்று அந்த அமைப்பு செய்தவை பல. ஆனால் ஊர் திரும்பும் வேளையில் ஒரு குடும்பத்துக்குக் கைகொடுப்பது அந்தப் பிறப்புப் பதிவுதான்.

தூதரகம் பயண ஆவணம் தந்ததும் இந்தியப் பக்கத்தின் அனுமதிகள். வழக்கு ஏதும் இல்லை என்று, அகதிகளைக் கண்காணிக்கும் கியூ பிரிவு போலீஸ் சொல்ல வேண்டும். சேப்பாக்கம் எழிலகத்தில் மறுவாழ்வுத் துறையின் ஒப்புதல் வேண்டும். வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவருக்கு இந்த ஒவ்வொரு நாளும் ஒரு நாள் சம்பளம் போகிற நாள். முகாம் ஆண்களில் பெரும்பகுதியினர் பெயின்ட் அடிப்பவர்கள். சென்னையின் அடுக்குமாடிகளில் சாரம் கட்டிச் சுவருக்கு வண்ணம் ஏற்றிய கைகளில் எத்தனையோ முகாம் கைகள்.

எல்லாம் கைக்கு வந்தபின் மிஞ்சுவது சில வாரங்கள். அந்தச் சில வாரங்களில் வீட்டைக் கலைக்க வேண்டும். வீடு என்றால் பழைய முகாம்களில் பத்துக்குப் பத்து அடி அறை; தார்த் தகடோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட கூரை. பிள்ளைகள் பெரியவர்களானதும் நடுவில் சேலை கட்டி இரண்டாக்கிய அறை. 2021 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டப்பேரவையில் 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தார். சிதைந்த 7,469 வீடுகளைக் கட்டித் தருவதும் அதில் சேர்ந்தது. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,000 ரூபாயாக இருந்த உதவித்தொகை 1,500 ஆனது. மற்றப் பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500. அகதிகள் முகாம் என்ற பெயரும் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. நல்ல வேலை என்று மனதாரச் சொல்லலாம். முப்பது ஆண்டுகள் முந்தியே நடந்திருக்க வேண்டிய நல்ல வேலை.

விமானத்தில் போகிறவர்களுக்கு எடைக் கணக்கு உண்டு. கிரைண்டர், தையல் மெஷின், பீரோ, கட்டில், சைக்கிள் எதுவும் அந்தக் கணக்குக்குள் அடங்காது. தையல் மெஷின் என்பது பல பெண்களுக்குப் பிழைப்பு. அதை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, ஊரில் போய்ப் புதிதாக வாங்கக் கடன் தேட வேண்டியிருக்கும். 2011இல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியபோது, அந்த அக்டோபரில் ஐ.நா. ஆணையம் அகதிகள் சிலரை அதில் அனுப்பிவைத்தது. கப்பலென்றால் சாமான்களை அதிகம் ஏற்றலாம் என்பதால் முகாம்களில் பெரிய எதிர்பார்ப்பு எழுந்தது. சில மாதங்களிலேயே அந்தக் கப்பல் நின்றுபோனது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் சேவை தொடங்கியது 2023 அக்டோபரில்.

எடை போட்டுக் கொண்டுபோக முடியாதவை வேறு. அப்பாவையோ அம்மாவையோ இந்த மண்ணில் புதைத்திருப்பார்கள். பக்கத்துத் தெரு உள்ளூர்ப் பையனைக் கல்யாணம் செய்துகொண்ட மகள் இங்கேதான் இருப்பாள். பேரப்பிள்ளையும் இங்கேதான்.

போகிறவர்கள் இந்த நாட்டைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? பெரும்பாலும் முதலில் வருவது படிப்பு. சொந்த ஊரில் குண்டுவீச்சில் பள்ளிகள் மூடிக்கிடந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டுப் பள்ளிகள் இந்தப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டன. 1991க்குப் பிறகு கல்லூரிக் கதவு சில காலம் சாத்தப்பட்டதும் உண்மை, பின்னர் திறந்தது. முகாமிலிருந்து பொறியாளர்களும் பட்டதாரிகளும் வந்தார்கள், அவர்களில் பலர் குடியுரிமை இல்லாததால் படிப்புக்கேற்ற வேலை கிடைக்காமல் மறுபடி பெயின்ட் வாளியைத் தூக்கினார்கள். அதையும் சேர்த்தே சொல்வார்கள். ரேஷன் அரிசியைச் சொல்வார்கள், அரசு மருத்துவமனையைச் சொல்வார்கள். மாதந்தோறும் அதிகாரிகள் முன்னால் வரிசையில் நின்று பெயரைச் சரிபார்த்துக்கொள்ளும் செக்கிங்கைச் சொல்லும்போது முகம் மாறும். அந்த நாளில் ஊரில் இல்லையென்றால் பதிவே போய்விடும் என்ற பயத்தில், உறவினர் சாவுக்குக் கூடப் போகாமல் இருந்தவர்கள் உண்டு. நன்றியும் மனத்தாங்கலும் ஒரே வாயிலிருந்துதான் வருகின்றன. ஒன்றை மட்டும் காதில் வாங்கிக்கொள்வது நியாயமாகாது.

இருபது வயதுப் பிள்ளைகளின் நிலை இன்னும் சிக்கல். அவர்கள் எந்த ஊருக்கும் ‘திரும்ப’வில்லை. கும்மிடிப்பூண்டி அரசுப் பள்ளியும், சிப்காட் சாலையும், சென்னை ரயிலும்தான் அவர்கள் அறிந்த உலகம். மன்னாரும் முல்லைத்தீவும் அப்பாவின் பேச்சில் கேட்ட ஊர்கள். அங்கே பாடத்திட்டம் வேறு: பதினோராம் வகுப்பில் சாதாரண தரத் தேர்வு, பதின்மூன்றாம் வகுப்பில் உயர்தரத் தேர்வு. சிங்களம் படிக்க வேண்டும். நம் பத்தாம் வகுப்புச் சான்றிதழை அந்த ஏணியில் எந்தப் படியில் வைப்பது என்ற கேள்வியோடுதான் இவர்களின் முதல் மாதங்கள் கழிகின்றன.

பெரியவர்களின் கவலை காணி. விட்டுவந்த நிலம் காடாகியிருக்கும், அல்லது யாரோ குடியிருப்பார்கள். போரால் இடம்பெயர்ந்தவர்கள் வழக்குத் தொடர்ந்து நிலத்தை மீட்க இலங்கை 2016இல் ஒரு சிறப்புச் சட்டம் கொண்டுவந்தது. வழக்குப் போட இரண்டே ஆண்டுகள்தான் அவகாசம். கும்மிடிப்பூண்டியில் உட்கார்ந்திருந்தவருக்கு அது தெரியவே வாய்ப்பில்லை. இந்திய அரசு வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலுமாக 50,000 வீடுகள் கட்டிக் கொடுத்த திட்டத்திலும், பிந்திப் போனவர்களுக்கு இடம் கிடைப்பது அரிதாயிற்று. முகாம்களில் இருப்பவர்களில் கணிசமானவர்கள் மலையக வம்சாவளியினர். இவர்களின் பாட்டன் பூட்டன் தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள். தோட்டத்திலிருந்து கலவரத்துக்கு அஞ்சி வன்னிக்கு வந்து, வன்னியிலிருந்து போருக்கு அஞ்சி இங்கே வந்தார்கள். அவர்களுக்கு அங்கே காணியும் இல்லை. இந்தியாவில் அகதியாக இருக்கும் இம்மக்களுக்கும் இலங்கைக் குடியுரிமை கிடைக்க 2009இல்தான் அந்நாட்டுச் சட்டம் திருத்தப்பட்டது.

இத்தனைக்கும் பிறகு போகிறவர்கள் குறைவுதான் என்பதில் வியப்பில்லை. 2009 மே மாதம் போர் முடிந்ததை அடுத்த ஓரிரு ஆண்டுகளில் திரும்பியவர்கள் ஆண்டுக்கு இரண்டாயிரத்தை ஒட்டி இருந்தார்கள். பிறகு அது சில நூறாக இறங்கியது. 2022 பொருளாதார நெருக்கடியில் அரிசியும் மண்ணெண்ணெயும் கிடைக்காமல் புதிதாகப் படகுகள் தனுஷ்கோடி மணல்திட்டில் வந்து நின்றன. அந்தக் கூட்டத்தில், முன்பு முகாமிலிருந்து ஊர் திரும்பி, பிழைக்க முடியாமல் மறுபடி வந்தவர்களும் இருந்தார்கள்.

அண்மைய தடை இன்னும் வேதனையானது. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலிக்கு 2019இல் விமானச் சேவை தொடங்கியது, ஏறி இறங்க ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். 2025 மே இறுதியில் அந்த விமான நிலையத்தில் வந்திறங்கிய முதியவர் ஒருவரை, பல்லாண்டுகளுக்கு முன் அனுமதியின்றி நாட்டை விட்டு வெளியேறினார் என்று கைது செய்தார்கள். ஐ.நா. ஆணையத்தின் உதவியோடு, எல்லா அனுமதிகளும் பெற்று வந்தவர் அவர். குண்டுக்குத் தப்பி இரவில் படகேறியவரிடம் துறைமுக முத்திரை எங்கே என்று கேட்பதற்கு ஒப்பான செயல் இது. கொழும்பில் எதிர்ப்பு எழுந்தது, கொள்கையைத் திருத்துவோம் என்று அரசு சொன்னது. பின்னர் மீண்டும் சிலர் கைதானதும் ஐ.நா. ஆணையம் திருப்பி அனுப்பும் பணியை நிறுத்திவைத்தது. காகிதங்களுள்ள பையை இறக்கி, பாத்திரங்களை விற்று, வேலையை விட்டுக் காத்திருந்த குடும்பங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

இந்தியப் பக்கத்தில் ஒரு கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழ் அகதிகள் கடவுச்சீட்டு, விசா இல்லாமல் இங்கே தங்கியதற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள் என்று மத்திய உள்துறை 2025 செப்டம்பரில் ஆணையிட்டது. சட்டவிரோதக் குடியேறி என்ற முத்திரைக்கு அஞ்சி வாழ்ந்தவர்களுக்கு ஆறுதல்தான். குடியுரிமைக்கு அந்த ஆணை வழி சொல்லவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை சேர்க்கப்படவில்லை. ஆக, போக நினைப்பவர் அச்சமின்றிப் போய் இறங்கவும், இருக்க நினைப்பவர் உரிமையோடு இருக்கவும் இரண்டு அரசுகளும் எழுத்தில் தர வேண்டியவை பாக்கி. வெளியேறும் அனுமதியில் கையெழுத்தான பிறகு, இங்கே வாழும் மகளைப் பார்க்க வருவதற்கும் விசா வேண்டும். பேரனின் காதுகுத்துக்கு இரண்டு நாள் கும்மிடிப்பூண்டி வந்துபோக நினைக்கும் ஒரு பாட்டிக்கு அந்த விசா எளிதில் கிடைக்கும்படி செய்வதையாவது முதலில் செய்யலாம்.