ஒருவன் செய்த கொலை; 400 பேருக்கு மரணம்!
நீரோ காலத்து ரோமாபுரியில் நடந்த உண்மைச் சம்பவம்

கி.பி. 61-ஆம் ஆண்டு. ரோமாபுரி நகரில் ஒரு பெரிய மாளிகை. அந்த மாளிகையின் எஜமான் கொலையுண்டு கிடந்தார்.

கொன்றவன் வெளியிலிருந்து வந்த திருடன் அல்ல. அந்த வீட்டு அடிமைகளில் ஒருவன்.

இறந்தவர் பெயர் பெடானியஸ் செகுண்டஸ். சாமானிய மனிதர் அல்ல. ரோமாபுரியின் நகர அதிபதி. இந்தக் காலத்துப் போலீஸ் கமிஷனர் வேலையும் மாஜிஸ்திரேட் வேலையும் ஒன்றாகச் சேர்ந்தது போன்ற பதவி அது. சுமார் 10 லட்சம் மக்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த நகரில் அமைதியைக் காப்பது அவர் பொறுப்பு. அதற்கென்று அவர் கீழ் ஒரு படையே இருந்தது. முரட்டு ஜனங்களையும் அடிமைகளையும் அடக்கிவைக்க வேண்டும் என்றுதான் அகஸ்டஸ் சக்கரவர்த்தி அந்தப் பதவியை ஏற்படுத்தினார். அப்படிப்பட்டவர், தம் வீட்டு அடிமையின் கையாலேயே மாண்டார்.

கொன்றவனை மட்டும் தண்டித்திருந்தால் ஊரில் யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். ஆனால் ரோமாபுரியின் சட்டம் அதோடு நிற்கவில்லை. எஜமானை ஓர் அடிமை கொன்றுவிட்டால், அந்தக் கூரையின் கீழ் இருந்த அடிமைகள் அத்தனை பேரும் சாக வேண்டும்! "எஜமானைக் காப்பாற்ற ஏன் ஓடி வரவில்லை?" என்பதுதான் அவர்கள் மீது குற்றச்சாட்டு. தூங்கிக்கொண்டிருந்தேன், மாளிகையின் மறு கோடியில் இருந்தேன் என்றெல்லாம் சொல்லித் தப்ப முடியாது. கி.பி. 10-ஆம் ஆண்டில் செனட் சபை செய்த ஏற்பாடு இது. 57-ஆம் ஆண்டில் அதை இன்னும் கடுமையாக்கினார்கள். எஜமானின் உயில்படி விடுதலை பெற்றவர்களும், அதே வீட்டில் இருந்தால் தப்ப முடியாது என்று ஆயிற்று.

பெடானியஸ் வீட்டில் இருந்த அடிமைகள் 400 பேர். ஆண்கள், பெண்கள், கிழவர்கள், குழந்தைகள் எல்லாரும் அதில் அடக்கம்.

ஒரு வீட்டில் 400 பேரா?

ஒரு வீட்டுக்கு எதற்கு 400 வேலைக்காரர்கள் என்று கேட்கத் தோன்றும். ரோமாபுரிப் பணக்காரர்களுக்கு அது கௌரவம். சமைக்க ஒருவன், பரிமாற ஒருவன், தலை வார ஒருத்தி, பல்லக்குச் சுமக்க எட்டுப் பேர், வாசலைக் காக்க ஒருவன் என்று ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி ஆள். சில வீடுகளில் வாசல் காப்பவனை நாயைப் போலச் சங்கிலியில் கட்டியிருப்பார்களாம்.

ஆனால் அடிமைகள் எல்லாரும் எழுத்தறியாத கூலிகள் என்று எண்ணிவிடக் கூடாது. கணக்கு எழுதியவனும், கடிதம் எழுதியவனும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவனும், வைத்தியம் பார்த்தவனும்கூட அடிமைகளாக இருந்தார்கள். எஜமானைவிட அதிகம் படித்த அடிமை சர்வ சாதாரணம்.

இவர்கள் எல்லாம் எங்கிருந்து வந்தார்கள்? பெரும்பாலும் போரில் தோற்ற ஜனங்கள். ஜூலியஸ் சீஸர் இன்றைய பெல்ஜியம் பக்கத்தில் ஒரு கூட்டத்தாரை வென்று, 53,000 பேரை ஒரே தடவையில் விற்றுவிட்டார். அவரே தம் புத்தகத்தில் இந்தக் கணக்கை எழுதி வைத்திருக்கிறார். கடற்கொள்ளைக்காரர்கள் பிடித்து விற்றவர்களும் உண்டு. தெருவில் போட்டுவிட்டுப் போன சிசுக்களை எடுத்து, அடிமையாக வளர்த்தவர்களும் உண்டு. அடிமைத் தாய் பெற்ற பிள்ளையும் அடிமைதான்.

சந்தையில் அவர்களை மேடை மீது ஏற்றி நிறுத்துவார்கள். கடல் கடந்து வந்த புது ஆள் என்றால் காலில் வெள்ளைச் சுண்ணம் பூசியிருக்கும். கழுத்தில் ஓர் அட்டை தொங்கும். வியாதி உண்டா, முன்பு ஓடிப்போனவனா என்பதை விற்பவன் அதில் சொல்லியாக வேண்டும். மாடு வாங்குகிறவனை ஏமாற்றக் கூடாது என்று எவ்வளவு அக்கறை காட்டுவார்களோ, அவ்வளவு அக்கறை!

விடுதலையின் விலை

இவ்வளவு கொடுமைக்கு நடுவே ரோமாபுரியில் ஒரு வழி திறந்திருந்தது. அடிமைகளில் பலர் என்றாவது ஒரு நாள் விடுதலை பெறலாம்.

அடிமைக்கு எஜமான் சிறு சிறு இனாம் கொடுப்பார். சிலரைக் கடை வைத்து நடத்தச் சொல்லி, லாபத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார். இப்படிக் காசுமேல் காசு சேர்த்து, தன் விலையைத் தானே எஜமானிடம் கொடுத்து விடுதலை வாங்கலாம். அதிகாரி முன்னிலையில் ஒரு கோலால் தொட்டு, "இவன் சுதந்திர மனிதன்" என்று அறிவிப்பார்கள். விடுதலை பெற்றவன் தலையில் கம்பளிக் குல்லாய் ஏறும். சர்க்கார் விடுமா? அவன் விலையில் 20-இல் ஒரு பங்கை வரியாக வசூலித்துவிடும்.

அதற்குமேல் அவன் ரோமாபுரிப் பிரஜை. பெரிய பதவிகள் அவனுக்குக் கிடையா. ஆனால் அதன் பிறகு அவனுக்குப் பிறக்கும் மகனுக்கு அந்தத் தடையும் இல்லை. உலகம் போற்றும் கவி ஹொரேஸின் தகப்பனார், அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர்தான்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. அடிமை சேர்த்த காசு, சட்டப்படி அவனுடையது அல்ல. அதுவும் எஜமானின் சொத்து. விலை பேசி ஒப்புக்கொண்ட பிறகு எஜமான் "முடியாது" என்று சொல்லிவிட்டால், அடிமை போய் முறையிட இடம் ஏது?

பெடானியஸ் விஷயத்தில் அதுதான் நடந்தது என்று டாசிடஸ் என்ற சரித்திர ஆசிரியர் எழுதியிருக்கிறார். விடுதலைக்கு விலை பேசி முடித்துவிட்டு, பிறகு அவர் மறுத்துவிட்டாராம். ஒரு காதல் விவகாரத்தில் எஜமானும் அடிமையும் போட்டியிட்டதே காரணம் என்று இன்னொரு பேச்சும் இருந்ததாக அவரே சொல்கிறார். எப்படியிருந்தாலும், கொன்றவன் ஒருவன். அடுப்படியில் இருந்தவர்களுக்கு அதில் என்ன சம்பந்தம்?

ஜனங்கள் திரண்டார்கள்

இந்தக் கேள்வியை அன்று ரோமாபுரி ஜனங்கள் கேட்டார்கள். கேட்டதோடு நிற்காமல் கூட்டம் கூட்டமாகத் திரண்டு, செனட் சபையை முற்றுகையிட்டார்கள். ஒரு பாவமும் அறியாதவர்களைக் கொல்லக் கூடாது என்று கூச்சலிட்டார்கள்.

யார் இந்த ஜனங்கள்? இறைச்சிக் கடைக்காரன், ரொட்டி சுடுகிறவன், சலவைக்காரன், மூட்டை தூக்குகிறவன். இவர்களில் எத்தனையோ பேர் தாங்களே குல்லாய் போட்டு விடுதலை பெற்றவர்கள். பலருக்குத் தகப்பனோ பாட்டனோ அடிமையாக இருந்திருப்பான். அந்த 400 பேரில் அவர்கள் தங்கள் வீட்டு முகங்களைத்தான் பார்த்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். செனட் சபையில் உட்கார்ந்திருந்த பிரபுக்களோ, அதே 400 பேரில் தங்கள் வீட்டு வேலைக்காரர்களைப் பார்த்தார்கள். இரவில் தங்கள் படுக்கை அருகே நடமாடுகிறவர்களை!

பிரபுக்களின் மனத்தில் இந்தப் பயம் எப்போதும் உண்டு. கி.மு. 73-இல் ஸ்பார்ட்டகஸ் என்ற அடிமை வீரன் கிளம்பிய கலகத்தை அடக்க இரண்டு வருஷம் பிடித்தது. பிடிபட்ட 6,000 பேரை காப்புவா நகரிலிருந்து ரோமாபுரி வரை சாலை நெடுகச் சிலுவையில் அறைந்தார்கள். இன்னொரு சமயம், அடிமைகளுக்குத் தனி உடை கொடுத்தால் என்ன என்று செனட் சபையில் யோசனை வந்தது. பிறகு கைவிட்டார்கள். காரணம்? தாங்கள் எத்தனை பேர், எஜமான்கள் எத்தனை பேர் என்று அடிமைகள் எண்ணிப் பார்த்துவிடுவார்களே!

எழுந்தார் சட்ட மேதை

செனட் சபையிலும் சிலருக்கு மனம் இளகியது. ஆனால் காசியஸ் லாங்கினஸ் எழுந்தார். ரோமாபுரியின் தலைசிறந்த சட்ட மேதை அவர். கண்டிப்பானவர்; பழைய வழக்கம் என்றால் உயிர்.

நகர அதிபதியையே அவர் பதவி காப்பாற்றவில்லை என்றால் நம்மை எது காப்பாற்றும் என்று அவர் கேட்டார். கத்தியைத் தேடி எடுத்து, காவலைக் கடந்து, விளக்கோடு படுக்கை அறைக்குள் போனவனை ஒருவருமா பார்க்கவில்லை என்று வாதித்தார். நம் முன்னோர் காலத்தில் அடிமைகள் நம் வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், அப்போதே அவர்களை நம்பவில்லை. இப்போதோ பல தேசத்தாரும் பல தெய்வத்தாரும் வீட்டுக்குள் இருக்கிறார்கள், பயத்தைத் தவிர வேறெதுவும் அவர்களை அடக்காது என்றார்.

நிரபராதிகள் சாவார்களே என்பதற்கும் அவரிடம் பதில் இருந்தது. போர்க்களத்தை விட்டு ஓடிய படையில், பத்துப் பேருக்கு ஒருவனைச் சீட்டுப் போட்டு எடுத்து அடித்துக் கொல்வது ரோமாபுரியின் பழைய வழக்கம். அந்தச் சீட்டு வீரனுக்கும் விழுகிறதே என்றார். பெரிய தண்டனை எதிலும் கொஞ்சம் அநியாயம் கலந்துதான் இருக்கும். ஊருக்கு நன்மை என்றால் சிலர் கஷ்டப்படலாம் என்பது அவர் முடிவு.

தனியாக எழுந்து அவருக்கு எதிராகப் பேச ஒருவருக்கும் துணிவில்லை. ஆங்காங்கே சில குரல்கள் மட்டும் "பெண்கள்!", "குழந்தைகள்!", "குற்றமற்றவர்கள்!" என்று முணுமுணுத்தன. கடைசியில் மரண தண்டனை என்று தீர்மானமாயிற்று.

அப்போது நீரோவுக்கு மந்திரிபோல் இருந்தவர் செனக்கா என்ற தத்துவ ஞானி. அடிமைகளும் மனிதர்களே, அவர்களோடு சேர்ந்து உண்ணுங்கள் என்று பிற்பாடு உருக்கமாக எழுதியவர். டாசிடஸ் எழுதிய இந்த விவரம் முழுவதிலும் செனக்காவின் பெயரே இல்லை.

கல்லும் தீவட்டியும்

தீர்ப்பை நிறைவேற்றுவது எளிதாக இல்லை. ஜனங்கள் கையில் கல்லும் தீவட்டியுமாக வழியை மறித்தார்கள்.

சக்கரவர்த்தி நீரோவுக்கு அப்போது வயது 23. ரோம் எரிந்தபோது பிடில் வாசித்தான் என்பார்களே, அந்த நீரோதான். (அந்தத் தீ 64-ஆம் ஆண்டில்தான் வந்தது. பிடில் என்ற வாத்தியமே அந்தக் காலத்தில் கிடையாது என்பது வேறு விஷயம்.) ஜனங்களைக் கண்டித்து அவன் ஓர் உத்தரவு போட்டான். 400 பேரையும் கொண்டு போகும் பாதை நெடுக, இரு பக்கமும் சிப்பாய்களை நிறுத்தினான். அந்தச் சிப்பாய் வரிசைகளுக்கு நடுவே அவர்கள் நடந்து போனார்கள். அத்தனை பேரும் கொல்லப்பட்டார்கள்.

இத்தனைக்குப் பிறகும் சிங்கோனியஸ் வர்ரோ என்ற செனட்டருக்குத் திருப்தி இல்லை. அதே கூரையின் கீழ் இருந்த, விடுதலை பெற்ற பழைய அடிமைகளையும் இத்தாலியை விட்டே துரத்த வேண்டும் என்றார். நீரோ அதற்குச் சம்மதிக்கவில்லை. பழைய சட்டத்தை இரக்கம் தளர்த்தாதபோது, கொடுமை அதை மேலும் இறுக்கவும் கூடாது என்று அதைத் தடுத்துவிட்டான். நீரோவைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல அபூர்வமாகக் கிடைக்கும் இடங்களில் இது ஒன்று.

பின்னர் நடந்தவை

நாலு வருஷம் சென்றது. 65-ஆம் ஆண்டில் காசியஸ் லாங்கினஸ் மீதே நீரோவின் சந்தேகம் விழுந்தது. சீஸரைக் கொன்ற காசியஸ் அவருடைய முன்னோர். அந்தக் காசியஸின் உருவச் சிலையை வீட்டில் வைத்துப் போற்றினார் என்பது குற்றம். முன்னோர் செய்த கொலைக்காக, சட்ட மேதை சார்டினியாத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். நீரோ இறந்த பிறகுதான் ஊர் திரும்ப முடிந்தது.

68-ஆம் ஆண்டில் படைகள் கைவிட, நீரோ ரோமாபுரியை விட்டு ஓடினான். அவனுக்கு ஒளிய இடம் கொடுத்தவன் ஒரு பழைய அடிமை. கழுத்தில் கத்தியை இறக்கிக்கொள்ளக் கை கொடுத்தவனும் ஒரு பழைய அடிமைதான். அவன் சாம்பலை எடுத்து அடக்கம் செய்தவர்கள் அவனை வளர்த்த இரண்டு தாதிகளும், அக்டே என்ற விடுதலை பெற்ற அடிமைப் பெண்ணும்.

கூரையின் கீழ் இருந்தவர் எல்லாரும் குற்றவாளி என்ற சட்டம் உடனே போய்விடவில்லை. 117-இல் பட்டத்துக்கு வந்த ஹேட்ரியன் சக்கரவர்த்தி அதைக் கொஞ்சம் தளர்த்தினார். சம்பவம் தெரியும்படி அவ்வளவு அருகில் இருந்த அடிமைகளை மட்டுமே விசாரிக்க வேண்டும் என்றார்.

பெடானியஸ் இறந்து சுமார் 100 ஆண்டுகள் ஆன பிறகு, மார்க்கஸ் அரேலியஸ் சக்கரவர்த்தியும் அவர் சகோதரர் வீருஸும் சேர்ந்து ஆண்டபோது, இன்னொரு உத்தரவு பிறந்தது. ஓர் அடிமை, தான் சேர்த்த காசைக் கொடுத்து ஒருவரைத் தன்னை விலைக்கு வாங்கச் செய்கிறான். வாங்கியவர் பிறகு விடுதலை தர மறுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த அடிமை இனி எஜமான் மீதே வழக்குப் போடலாம். ரோமாபுரியில் அந்த வழக்கை விசாரிக்க வேண்டியவர், நகர அதிபதி.