பத்து என்னும் பெயரில் பதினெட்டு

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 'பிக் டென்' என வழங்கும் கல்லூரி விளையாட்டு அமைப்பு ஒன்று உண்டு. அதனைப் 'பெரும்பத்து' எனத் தமிழில் குறிக்கலாம். இன்று அதில் அடங்கிய பல்கலைக் கழகங்களோ பதினெட்டு. 'பிக் ட்வெல்வ்' என்னும் 'பெரும்பன்னிரண்டில்' இருப்பவை பதினாறு. 2011 முதல் 2014 வரை இதனினும் விந்தையான நிலை நிலவிற்று. பெரும்பத்தில் பன்னிரண்டும், பெரும்பன்னிரண்டில் பத்தும் இருந்தன. அட்லாண்டிக் கடற்கரையின் பெயரைத் தாங்கிய மற்றோர் அமைப்பில், பசிபிக் பக்கத்துச் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவை அடுத்த இரு பல்கலைக் கழகங்கள் 2024ஆம் ஆண்டு முதல் உறுப்பாக உள்ளன. காரணப் பெயராகப் பிறந்தவை இடுகுறிப் பெயராக முடிந்துவிட்டன என்று இலக்கண ஆசிரியர் இதனை எளிதில் விளக்கிவிடுவார். அக்காரணம் எங்கே போயிற்று என்பதே இங்கு ஆராய்தற்குரியது.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு சொல். இவ்வமைப்பை ஆங்கிலத்தில் 'கான்பரன்ஸ்' என்பர். அதனை 'மாநாடு' என மொழிபெயர்த்தால் பொருள் கெடும். மாநாடு கூடும், கலையும். இதுவோ ஆண்டு முழுதும் நிலைத்து நிற்பது. ஆதலின் 'போட்டிக் கூட்டு' என்று இக்கட்டுரையில் வழங்கப்படும். கூட்டு என்றவுடன் இலையில் பரிமாறும் கூட்டை நினைத்தல் வேண்டா. ஒன்றோடொன்று ஆண்டுதோறும் ஆடவும், ஒரே விதிக்குக் கட்டுப்படவும், வரும் பணத்தைப் பங்கிட்டுக்கொள்ளவும் இசைந்த கல்லூரிகளின் தொகுதி இது. இவற்றின் உயிர்நாடியான 'புட்பால்', நம் பள்ளித் திடலில் பிள்ளைகள் உதைத்தாடும் காற்பந்து அன்று. தலைக்கவசம் அணிந்து, நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி மோதி முன்னேறும் ஆட்டம். அதனைக் கீழே 'அமெரிக்கக் காற்பந்து' என்போம்.

கான்பரன்ஸ் என்னும் பெயர் வந்த வரலாறே இதன் தொடக்க நோக்கத்தைக் காட்டும். 1895ஆம் ஆண்டு சனவரியில், பர்டியூ பல்கலைக் கழகத் தலைவர் சுமார்ட்டு என்பாரின் அழைப்பை ஏற்று, நடுமேற்குப் பகுதிக் கல்லூரித் தலைவர்கள் சிக்காகோ நகரில் கூடினர். மறு ஆண்டு ஏழு பல்கலைக் கழகங்களின் ஆசிரியப் பேராளர்கள் கூடி விதிகளை வகுத்தனர். கூடிக் கலந்துரையாடியதால் அப்பெயர் ஏற்பட்டது. படிக்காமல் பந்தாட மட்டும் வருவோரை வெளியேற்றுவதே அவர்களுடைய முதற் கவலை. முழுநேர மாணவராக இருத்தல் வேண்டும், பாடத்தில் பின்தங்கியோர் ஆடுதல் கூடாது என்று கட்டளையிட்டனர். கூட்டு என்பது ஆசிரியர்கள் விளையாட்டுக்கு இட்ட கடிவாளம். உறுப்புக் கல்லூரிகள் அண்டை அயலில் இருந்தன. ரயிலேறிச் சென்று ஆடித் திரும்பினர்.

அந்த ஏழனுள் ஒன்றாகிய சிக்காகோ பல்கலைக் கழகத்தின் கதையை ஆசிரியர் யாவரும் அறிதல் நன்று. ஒரு காலத்தில் அமெரிக்கக் காற்பந்தில் கொடிகட்டிப் பறந்த நிறுவனம் அது. அதன் தலைவராயிருந்த இராபர்ட் அட்சின்சு, கல்விக்கும் இப்பந்துக்கும் தொடர்பில்லை என்னும் கொள்கையினர். 1939ஆம் ஆண்டின் இறுதியில் அப்பல்கலைக் கழகம் அவ்வாட்டத்தையே கைவிட்டது. 1946இல் கூட்டைவிட்டும் விலகிற்று. இடையே 1942 டிசம்பர் 2ஆம் நாள், அதே பந்துத் திடலின் மேற்குப் பார்வையாளர் மேடைக்கு அடியிலிருந்த ஆட்டக்கூடத்தில், என்ரிக்கோ பெர்மி தலைமையில் உலகின் முதல் செயற்கை அணுத் தொடர்வினை நிகழ்த்தப்பட்டது. காலியான இடத்தில் மிச்சிகன் அரசுக் கல்லூரி 1949இல் சேர்த்துக்கொள்ளப்பட்டது. ஒன்று போயின் ஒன்று வரும். எண்ணிக்கை பத்தாக நின்றது. அக்காலத்தில் கூட்டுகள் மாறும் வேகம் அவ்வளவே.

வேகத்தைக் கூட்டியது ஒரு நீதிமன்றத் தீர்ப்பு. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம், எந்த அணியும் ஈராண்டில் ஆறு முறைக்கு மேல் தொலைக்காட்சியில் தோன்றலாகாது என்று தடுத்து வைத்திருந்தது. திடலுக்கு வரும் கூட்டம் குறையும் என்பது அதன் அச்சம். ஓக்லகோமா, சார்சியா ஆகிய இரு பல்கலைக் கழகங்கள் வழக்குத் தொடுத்தன. 1984இல் உச்ச நீதிமன்றம், எழுவர் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாகப் பிரிந்து, அத்தடை வணிக உரிமைச் சட்டத்துக்கு முரணானது என முடிவு செய்தது. மறுத்து எழுதியவர் பைரன் வொயிட்டு. இவர் நீதிபதியாவதற்கு முன் கொலராடோ பல்கலைக் கழகத்தின் புகழ்பெற்ற பந்தாட்டக்காரர். ஆடியறிந்தவர் ஒருவர் ஆட்டத்தை வெறும் வணிகமாகக் கருதலாகாது என வாதிட்டதும், அவர் தோற்றதும் குறிப்பிடத்தக்கவை. அன்று முதல் தொலைக்காட்சி உரிமையை விற்கும் வழி கல்லூரிகளுக்குத் திறந்தது. காலப்போக்கில் கூட்டுகளே விற்பனையாளர் ஆயின.

இனி, யாரைச் சேர்ப்பது என்னும் வினா எழும்போது எவற்றைப் பார்க்கின்றனர்? பெரும்பத்து நெடுங்காலம் ஆராய்ச்சித் தகுதியைப் பார்த்தது. முன்னணி ஆராய்ச்சிப் பல்கலைக் கழகங்களின் சங்கத்தில் இடம்பெற்றவையே அதற்கு உகந்தவை. ஆயினும் 2011இல் நெப்ராசுக்கா சேரும் தறுவாயில் அச்சங்கம் நெப்ராசுக்காவை நீக்கிற்று. கூட்டோ அதனைக் கைவிடவில்லை. 2014இல் மேரிலாந்தும் இரட்கர்சும் சேர்க்கப்பட்டன. இரட்கர்சு அப்போது பந்தாட்டத்தில் பெருவலி படைத்ததன்று. ஆனால் நியூயார்க்கு மாநகரின் வீடுகள் அதன் அருகே உள்ளன. மேரிலாந்துக்கு அருகில் வாசிங்டனும் பால்டிமோரும். கூட்டுக்குச் சொந்தமாக 2007இல் தொடங்கிய தொலைக்காட்சி அலைவரிசை ஒன்று இருந்தது. எத்தனை வீடுகளில் அது நுழைகிறதோ அத்தனை வீட்டுக்கும் கட்டணம். எனவே விளையாட்டுத் திறனைவிட வீட்டுக் கணக்கு முந்திற்று.

இதற்கு மறுக்க முடியாத சான்று இசுடான்போர்டு. தேசியச் சங்கத்தின் பட்டங்களைத் திரட்டி எண்ணினால், அமெரிக்கக் கல்லூரிகளுள் அதுவே முதலிடம். கல்விச் சிறப்போ சொல்ல வேண்டுவதில்லை. எனினும் 2023ஆம் ஆண்டுக் கோடையில் அது சேர இடமின்றித் தவித்தது. அச்செய்தியைச் சற்று விரித்துக் கூறுதல் வேண்டும்.

பசிபிக் கரையின் கூட்டு 1915இல் நான்கு கல்லூரிகளோடு தோன்றியது. இடையில் 1959இல் கலைந்து வேறு பெயரில் எழுந்து, வளர்ந்து, 2011இல் 'பேக் ட்வெல்வ்' எனப் பன்னிரண்டாயிற்று. 2022 சூன் 30ஆம் நாள், அதன் லாசு ஏஞ்சலிசு உறுப்புகள் இரண்டும் பெரும்பத்துக்குப் போவதாக அறிவித்தன. அவ்வாண்டிலேயே பெரும்பத்து மூன்று தொலைக்காட்சி நிறுவனங்களோடு ஏழாண்டு ஒப்பந்தம் செய்தது. அதன் மதிப்பு 700 கோடி அமெரிக்க வெள்ளிக்கு மேல் என்று செய்தித்தாள்கள் எழுதின. எஞ்சிய பத்தும் புதிய ஒப்பந்தத்துக்கு ஓராண்டு காத்திருந்தன. 2023 சூலையில் கொலராடோ விலகிற்று. ஆகசுடு 4ஆம் நாள் ஒரே நாளில் ஐந்து விலகின: ஓரிகனும் வாசிங்டனும் பெரும்பத்துக்கு, அரிசோனா, அரிசோனா அரசுப் பல்கலைக் கழகம், யூட்டா மூன்றும் பெரும்பன்னிரண்டுக்கு. நூற்றாண்டுக் கட்டடம் ஒரு வாரத்தில் சரிந்தது.

இசுடான்போர்டும் பெர்க்கிலியும் அட்லாண்டிக் கூட்டின் கதவைத் தட்டின. உறுப்பினர் பதினைவருள் பன்னிருவர் இசைய வேண்டும். நால்வர் மறுப்பதாகச் செய்தி. வட கரோலினா அரசுப் பல்கலைக் கழகம் மனம் மாறவே, செப்டம்பர் முதல் நாள் கதவு திறந்தது. விலையும் கொடுத்தன: முதல் ஏழாண்டுகளுக்கு முழுப் பங்கில் ஏறத்தாழ மூன்றிலொரு பகுதியே கிடைக்கும். உடன் சேர்ந்த டல்லசு நகரத்துச் சதர்ன் மெதடிசுட்டுப் பல்கலைக் கழகம் ஒன்பதாண்டுத் தொலைக்காட்சிப் பங்கையே வேண்டாவென்று துறந்தது. இப்பல்கலைக் கழகத்துக்கு ஒரு பழங்கதை உண்டு. ஆட்டக்காரருக்குக் கள்ளத்தனமாகப் பணம் கொடுத்த குற்றத்துக்காக 1987ஆம் ஆண்டு ஆட்டம் முழுதும் அதற்குத் தடை செய்யப்பட்டது. 1996இல் அதன் பழைய தென்மேற்குக் கூட்டு கலைந்தபோது, டெக்சாசின் நான்கு பல்கலைக் கழகங்களைப் பெரும்பன்னிரண்டு ஏற்றது; இது தெருவில் விடப்பட்டது. 2025 சூலை முதல், நீதிமன்றம் ஒப்பிய உடன்பாட்டின்படி, கல்லூரிகளே ஆட்டக்காரருக்கு நேராகப் பணம் தரலாம். முதலாண்டு வரம்பு ஒரு கல்லூரிக்கு ஏறத்தாழ இரண்டு கோடி அமெரிக்க வெள்ளி. அன்று தண்டனைக்குரியது இன்று கணக்கேட்டில் ஏறும் செலவு.

பணம் வருவது அமெரிக்கக் காற்பந்தால். அலைச்சலைச் சுமப்போர் பிற ஆட்டக்காரர். இதுவே இம்மாற்றத்தின் கொடிய பகுதி என்னலாம். காற்பந்து அணி வாரத்துக்கு ஒரு முறை, பெரும்பாலும் சனிக்கிழமை ஆடும்; பருவத்தில் பன்னிரண்டு ஆட்டம்; அவற்றுள் பாதிக்கே வெளியூர்ப் பயணம். கைப்பந்தும் கூடைப்பந்தும் பேஸ்பாலும் அப்படியல்ல. எண்ணிக்கை மிகுதி, வாரத்தின் இடை நாள்களிலும் ஆட்டம். லாசு ஏஞ்சலிசிலிருந்து இரட்கர்சுக்கு நான்காயிரம் கிலோமீட்டருக்கு மேல் இல்லையெனினும் அதற்கு மிகக் குறைவுமில்லை. கடிகாரத்தில் மூன்று மணி வேறுபாடு. கைப்பந்து ஆடும் மாணவி ஒருத்தி, வானூர்தியில் பாட நூலைப் பிரித்து வைத்து, வந்திறங்கி மறுநாட் காலை வகுப்புக்குப் போக வேண்டும். 1896ஆம் ஆண்டின் ஆசிரியர்கள் எந்தப் படிப்பைக் காக்கக் கூட்டை அமைத்தனரோ, அந்தப் படிப்பின் நேரத்தையே இன்று கூட்டு உண்கிறது. கலிபோர்னியா ஆட்சிக்குழு 2022 டிசம்பரில் லாசு ஏஞ்சலிசுக் கிளையின் மாற்றத்துக்கு இசைந்தபோது, மாணவரின் உணவுக்கும் பாடத் துணைக்கும் கூடுதலாகச் செலவிட வேண்டுமென விதித்தது. தங்கையாகிய பெர்க்கிலிக்கு, அன்று, அக்காளாகிய பெர்க்கிலிக்கு (அதுவே மூத்தது), முதல் மூன்றாண்டு ஆண்டுதோறும் ஒரு கோடி வெள்ளி தரவும் 2024இல் பணித்தது. ஒரே குடும்பத்தில் ஒருத்தி வெளியேறி மற்றவளுக்கு ஈடு கட்டும் காட்சி அது.

பழம் போட்டிகளின் கதி இருவேறாயிற்று. ஓக்லகோமாவும் ஓக்லகோமா அரசுப் பல்கலைக் கழகமும் 1910 முதல் ஆண்டு தவறாது ஆடிவந்தன. ஓக்லகோமா தென்கிழக்குக் கூட்டுக்குச் சென்றமையால் 2023 நவம்பரோடு அத்தொடர் அறுந்தது. அதே மாற்றத்தால் டெக்சாசும் டெக்சாசு ஏ அண்டு எம் பல்கலைக் கழகமும் பதின்மூன்று ஆண்டுப் பிரிவுக்குப் பின் 2024இல் மீண்டும் மோதின. ஆகவே விரிவெல்லாம் கேடே என்று சொல்லிவிடுவதும் நேர்மையாகாது.

பசிபிக் கூட்டில் எஞ்சியவை இரண்டே: கொர்வாலிசு ஊரின் ஓரிகன் அரசுப் பல்கலைக் கழகம், கோதுமை வயல்கள் சூழ்ந்த புல்மன் ஊரின் வாசிங்டன் அரசுப் பல்கலைக் கழகம். இரண்டும் உழவர், தொழிலாளர் மக்களின் கல்விக்கென அரசு நிலக்கொடையால் எழுந்த கல்லூரிகளின் வழிவந்தவை. சிற்றூரில் இருப்பதே அவற்றின் குற்றம். தொலைக்காட்சி வீடுகள் குறைவு. வெளியேறுவோர் கூட்டின் சொத்தில் கைவைக்காதபடி இவை நீதிமன்றம் சென்று 2023இன் இறுதியில் வென்றன. பெயரும் பெட்டகமும் கிடைத்தன. ஆடுவதற்குத் துணை கிடைக்கவில்லை. ஓரிகன் அரசின் பேஸ்பால் அணி 2025இல் எந்தக் கூட்டிலும் சேராது, ஊர் ஊராய் எதிரிகளைத் தேடி ஆடி, தேசிய இறுதிச் சுற்றின் எட்டு அணிகளுள் ஒன்றாயிற்று. விட்டுச் சென்ற பழைய தோழர்களான லாசு ஏஞ்சலிசுக் கிளையும் அரிசோனாவும் அதே எட்டில் இருந்தன.

தேசியச் சங்க விதிப்படி ஒரு கூட்டுக்கு அமெரிக்கக் காற்பந்து ஆடும் உறுப்புகள் எட்டு வேண்டும். 2024 செப்டம்பரில் பாய்சி அரசு, கொலராடோ அரசு, பிரெசுனோ அரசு, சான் டியேகோ அரசு, யூட்டா அரசு ஆகிய ஐந்து பல்கலைக் கழகங்கள் 2026 சூலை முதல் சேர இசைந்தன. அடுத்த மாதம் இசைந்த கொன்சாகா கூடைப்பந்தில் பெரும்பெயர் பெற்றது; ஆனால் அமெரிக்கக் காற்பந்து அணி அதற்கில்லை, ஆதலின் அது எண்ணிக்கையில் சேராது. எட்டாவது இடம் 2025 சூன் இறுதியில் நிரம்பிற்று. வந்தது டெக்சாசு அரசுப் பல்கலைக் கழகம். அது நிற்கும் சான் மார்க்கசு நகரிலிருந்து அமெரிக்க நாட்டின் பசிபிக் கரை ஆயிரம் மைலுக்கு அப்பால்.